ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்

ஏலே பேராண்டி, இங்ஙன வந்து திண்ணையில உக்காரு. அந்தப் பெட்டியை எங்கிட்ட குடு, உள்ள பத்திரமா வைக்கேன். இந்த வீட்டுல எலித் தொல்லை ஜாஸ்தி. பித்தளையை எலி கடிக்குமான்னு கேக்காதே. நம்மூரு எலிக்கு வெளியூர்ச் சாமான்னா தனிப் பிரியம்.

நேத்து ராத்திரி நீ ஆச்சிகிட்ட சொன்னதெல்லாம் என் காதுல விழுந்துது. தாத்தாவுக்குக் காது மந்தம்னு நெனச்சிருப்பே. எனக்கு வேணுங்கிறபோது நல்லாவே கேக்கும். ட்ரம்பெட் வாங்கி ஆறு வாரம் ஆச்சாம். செல்லுல பாத்தே பாதி படிச்சாச்சாம். இனிமே ஜாஸையும் வெள்ளைக்காரச் சாஸ்திரிய சங்கீதத்தையும் கலந்து ஃபியூஷன் வாசிக்கப் போறியாம். மேடைக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கியாச்சாம். அடேயப்பா! கண்ணாடி வாங்கியாச்சுன்னா முக்காவாசி வேலை முடிஞ்ச மாதிரி. மிச்சம் வாசிக்கிறது மட்டுந்தானே, அதை யாரையாவது விட்டுச் செஞ்சுக்கிடலாம்.

நானும் முப்பது வருசம் பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதினவன். கல்யாணம், சாவு, கோயில் கொடை, எலெக்சன்ல ஜெயிச்ச ஊர்வலம், எல்லாத்துக்கும் ஊதியாச்சு. முன்பல்லு ரெண்டு விழுந்துது, ஊதலும் அதோட போச்சு. ஊத முடியாதவன் உபதேசம் பண்ணுவான், அது உலக வழக்கம். அதனால சொல்லுதேன், கேட்டுக்கிடு.

முதல் யோசனை. உதட்டைப் பத்திக் கவலையே படாதே. மூணே மூணு வால்வுதானே? புல்லாங்குழல்காரனுக்கு எட்டுத் துளை, நாதசுரக்காரனுக்கு ஏழு விரல் வேலை, உனக்கு மூணு விரல். கணக்குப்படி உன் பாடுதான் லேசு. நடு வால்வை அமுக்கினா அரைச்சுரம் இறங்கும். முதல் வால்வுக்கு ஒரு சுரம். மூணாவதுக்கு ஒண்ணரை. அமுக்குத விதமெல்லாம் சேத்தா எட்டு வரும். அதுலயும் முதல் ரெண்டைச் சேத்து அமுக்குததும் மூணாவதைத் தனியா அமுக்குததும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆக ஏழு. அந்த ஏழை வச்சுக்கிட்டு ரெண்டரை ஸ்தாயிக்கு மேல எப்படி ஏறி இறங்குதாவ? அங்கதான் பேராண்டி சங்கதி இருக்கு. ஒரே விரலை வச்சுக்கிட்டு நாலஞ்சு சுரத்தை உதட்டாலேயே பிரிச்சு எடுக்கணும். நாதசுரத்துக்குச் சீவாளி உண்டு. ட்ரம்பெட்டுக்குச் சீவாளி உன் உதடு. பித்தளையில இருந்துதான் சத்தம் வருதுன்னா, நம்ம வீட்டு அண்டா எப்பவோ கச்சேரி பண்ணியிருக்கும்.

ரெண்டாவது, கன்னத்தை நல்லா உப்ப வை. ட்ரம்பெட்காரரு டிஸ்ஸி கில்லெஸ்பி படத்தைத்தானே செல்லுல மூஞ்சியா வச்சிருக்கே? தவளை மாதிரி ரெண்டு பக்கமும் உப்பி, பாக்கவே பயமா இருக்கும். கன்னம் உப்பினா கில்லெஸ்பி ஆயிரலாம்னா, திருவிழாவுல பலூன் ஊதுதவன் எல்லாம் பெரிய வித்துவான்தான். உலகத்துல எந்த ட்ரம்பெட் வாத்தியாரும் கன்னத்தை உப்பச் சொல்ல மாட்டான். அந்த மனுசன் அந்தக் கன்னத்தை வச்சுக்கிட்டும் மத்த ஆளுவளோட சேந்து பெபாப்னு ஒரு புது ஜாஸையே உண்டாக்கினாரு. அவரு குழாய் வாய் மேல பாத்து வளைஞ்சிருக்கும், பாத்திருக்கியா? 1953-ல அவரு சம்சாரம் பொறந்தநாள் விருந்துல யாரோ கால் தவறி அது மேல விழுந்துட்டாவ. ஊதிப் பாத்தாரு, அந்தச் சத்தம் பிடிச்சுப்போச்சு, அதுக்கப்புறம் அப்படியே செய்யச் சொல்லி வாங்கினாரு. நீ இதைக் கேட்டுட்டு உன் குழாய் மேல எருமையைப் படுக்கப் போட்டுராதே. வளைஞ்ச குழாயில வாசிக்கதுக்கு முன்னால அவரு நேர்க் குழாயில இருவது வருசம் வாசிச்சிருந்தாரு.

மூணாவது, மூச்சு. உன் மாமன் துபாய்ல இருந்து வந்தப்ப டேப்ரிக்கார்டரோட ரெண்டு கேசட்டும் கொண்டாந்தான். அதுல ஒண்ணு வின்டன் மார்சலிஸ்னு ஒருத்தரு வாசிச்சது. நியூ ஆர்லியன்ஸ்காரரு. பாகனினின்னு இத்தாலி வயலின் வித்துவான் எழுதின ஓயாத ஓட்டம் ஒண்ணு உண்டு, மோட்டோ பெர்பெடுவோன்னு பேரு. வயலின்காரனுக்கு வில்லுதான் ஓடணும், மூச்சு அதும்பாட்டுக்குப் போய்ட்டு வரும். அதைத் தூக்கி ட்ரம்பெட்டோட தம்பி கார்னெட்டுல வாசிச்சாரு இவரு, 1987-ல ஈஸ்ட்மன் ஊதுவாத்தியக் குழுவோட போட்ட ‘கார்னவல்’ இசைத்தட்டுல. நாலு நிமிசத்துக்கு மேல, இடையில மூச்சுவிட ஒரு பொட்டு இடம் கிடையாது. கேசட்டு சிக்கிக்கிட்டுன்னு நெனச்சு நான் ரெண்டு தட்டு தட்டினேன்.

அந்த வித்தை என்னன்னா, கன்னத்துல கொஞ்சம் காத்தை ஒதுக்கி வச்சு, அதைப் பிதுக்கி வெளிய தள்ளுத அதே நேரத்துல மூக்கால உள்ள இழுக்கணும். வரவும் செலவும் ஒரே நேரத்துல நடக்கணும், கையிருப்பு தீரப்பிடாது. இதுக்கு அமெரிக்கா போக வேண்டாம். கோயில்ல நாதசுரக்காரரு பக்கத்துல ஒத்து ஊதுத ஆளைப் பாத்திருக்கியா? ஒரே சுரத்தை அறுபடாம பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவருக்கு ஒருத்தனும் பொன்னாடை போத்தினது கிடையாது. அவரு பண்ணுததும் இதே காரியம்தான். ஒரு டம்ளர் தண்ணி எடு, இளநிக் குழலைப் போட்டு ஊது, குமிழி நிக்காம வரணும். ஒரு மாசத்துல வரும். இதுக்குச் செயலி உண்டான்னு தேடாதே. மூச்சை இன்னும் எவனும் டவுன்லோடு பண்ணலை.

நாலாவது, நாக்கு. வேகமா வாசிக்கணும்னா ‘து து து து’ன்னு நாக்கை அடிச்சா கொஞ்ச தூரத்துலேயே நாக்கு தள்ளிரும். அதனால ‘து கு து கு’ன்னு முன்நாக்கும் பின்நாக்கும் மாறி மாறி அடிக்கணும். மூணு மூணா போனா ‘து து கு’. நம்ம நாதசுரத்துல துத்துக்காரம்னு சொல்லுதமே, அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி முறை. பிரான்சுல அர்பன்னு ஒரு வாத்தியாரு 1864-ல இதுக்கெல்லாம் சேத்து ஒரு புத்தகம் போட்டாரு. இன்னைக்கும் ட்ரம்பெட்காரன் அதை வேதப் புத்தகம்னுதான் சொல்லுவான். அதுல வெனிஸ் நகரத்துத் திருவிழாப் பாட்டு ஒண்ணை எடுத்து, சங்கதி மேல சங்கதியா போட்டு வச்சிருக்காரு. கடைசிச் சங்கதியில மேல ஒரு பாட்டு, கீழ அதுக்கு ஓட்டம்னு ரெண்டு ஆளு ஊதுத மாதிரி கேக்கும். ஊதுதது ஒத்தை ஆளு. உனக்கு நேர்மாறு. நேத்து நீ ஒத்தை ஆளாத்தான் ஊதினே, அரை ஆளு ஊதுத மாதிரி கேட்டுது.

சரி, கோவிச்சுக்கிடாதே. காப்பி குடி. இப்ப கலக்குத விசயத்துக்கு வாறேன்.

நானும் கலந்தவன்தான் பேராண்டி. அதைச் சொல்லாம இருந்தா உபதேசம் செல்லாது. ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துல இங்கிலீஷ் மார்ச் வாசிச்சுக்கிட்டுப் போறோம். எனக்குத் திடீர்னு கலைஞன் முழிச்சுக்கிட்டான். மார்ச்சைப் பாதியில விட்டுட்டு, முந்துன நாள் ஒரு சாவு வீட்டுல வாசிச்ச பாட்டை நடுவுல செருகினேன். கேக்க அருமையாத்தான் இருந்துது, எனக்கு. மாப்பிள்ளையோட தாய்மாமன் ஓடியாந்து, “யாருவே செத்தது?”ன்னு கேட்டாரு. கூலியில பாதியைப் பிடிச்சுட்டாவ. எனக்கு மார்ச்சும் அரைகுறை, அந்தப் பாட்டும் அரைகுறை. ரெண்டு அரையைக் கூட்டினா ஒண்ணு வரும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவ. சங்கீதத்துல காலே வராது.

ஆனா அந்த நியூ ஆர்லியன்ஸைப் பாரு. அங்கயும் சாவுக்குப் பேண்டு உண்டு. கல்லறைக்குப் போறப்ப மெதுவா, துக்கமா, வேதக் கோயில் பாட்டு. அடக்கம் முடிச்சுத் திரும்புறப்ப அதே ஆளுவ அதே குழாயில ஆட்டம் போடுத மாதிரி வாசிப்பாவ, தெருவே பின்னால குடை பிடிச்சு ஆடிக்கிட்டு வரும். ரெண்டும் ஒரே ஊர்வலம். எங்க ஒண்ணு முடியணும், எங்க இன்னொண்ணு தொடங்கணும்னு அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்சலிஸும் சின்னப் பிள்ளையில அப்படி ஒரு சர்ச் பேண்டு செட்டுல ஊதினவருதான். அதனால நம்ம ஆளு. 1961-ல பொறந்தவரு. அப்பா எல்லிஸ் மார்சலிஸ் பியானோக்காரரு. ஆறு வயசுல அல் ஹர்ட்ங்கிற பெரிய ட்ரம்பெட்காரரு ஒரு குழாய் குடுத்தாரு. பக்கத்துல இருந்த இன்னொரு பெரிய ட்ரம்பெட்காரரு மைல்ஸ் டேவிஸ், ‘வேண்டாம், அது ரொம்பக் கஷ்டமான வாத்தியம்’னு வேடிக்கையாச் சொன்னதா ஒரு கதை உண்டு. உனக்கு அப்படிச் சொல்ல ஒரு மைல்ஸ் டேவிஸ் இல்லாமப் போச்சு. பன்னெண்டு வயசு வரைக்கும் பெருசா சாதகம் கிடையாது. அதுக்கப்புறம் பிடிச்ச பிடி, பதினாலு வயசுல அந்த ஊரு ஆர்கெஸ்ட்ராவோட ஹைடன்ங்கிற சாஸ்திரிய மேதை எழுதின கான்செர்டோவை, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால ஒத்தை ட்ரம்பெட் நின்னு ஊதுத உருப்படியை, வாசிச்சாரு.

ஹைடன் கான்செர்டோன்னா லேசா? அது பொறந்த கதையைக் கேளு. அந்தக் காலத்து ட்ரம்பெட்டுல வால்வு கிடையாது. ராசா வாரான், சண்டை வருதுன்னு ஊதத்தான் லாயக்கு. கீழ் ஸ்தாயியில சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல பல்லு விழுந்த மாதிரி இடைவெளி. வியன்னாவுல ஆன்டன் வைடிங்கர்னு ஒருத்தரு குழாய்ல துளை போட்டு, மூடி வச்ச சாவிகளை மாட்டி அந்த இடைவெளியை அடைக்கப் பாத்தாரு. அவருக்காக ஹைடன் 1796-ல எழுதினது இந்தக் கான்செர்டோ. எழுதினப்ப கெழவருக்கு அறுவத்தி நாலு வயசு. அது மேடை ஏறினது 1800-ல. நாலு வருசம் பேராண்டி! எழுதின பாட்டு கையில இருக்கு, ஆனாலும் நாலு வருசம். உனக்கு ஆறு வாரத்துல மேடை. இப்ப நீ அமுக்குத வால்வு வந்ததே 1814 வாக்குல, ஜெர்மனியில.

நம்ம மார்சலிஸ் 1979-ல ஜூலியார்டு பள்ளியில போய்ச் சேர்ந்தாரு. அங்க பகல்ல சாஸ்திரியம். அடுத்த வருசம் ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் குழுவுல சேர்ந்தாரு. அங்க ராத்திரியில அடி. 1984-ல கிராமி விருது குடுத்தாவ. ஜாஸுக்கு ஒண்ணு, சாஸ்திரியத்துக்கு ஒண்ணு, ஒரே வருசத்துல. அதுக்கு முன்னால எவனும் அப்படி வாங்கினது கிடையாது. வயசு இருபத்திரெண்டு. அடுத்த வருசமும் ரெண்டையும் வாங்கினாரு. இதுல கவனிக்க வேண்டியது விருது இல்லை லே, விருது பொம்மையைத் தூக்கிக்கிட்டுப் போய்ச் சந்தையில அரிசி வாங்க முடியாது. அந்த மேடையில அவரு ரெண்டையும் வாசிச்சாரு. முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. கலக்கலை. சாம்பாரைச் சாம்பாரா ஊத்தினாரு, பாயாசத்தைப் பாயாசமா ஊத்தினாரு.

ஏன்னு கேளு. ரெண்டும் ஒரே குழாய்தான், ஆனா வாய் வேற. காகிதத்துல ஒரே அளவுல எழுதின ரெண்டு சுரத்தைச் சாஸ்திரியக்காரன் சமமா வாசிப்பான். ஜாஸ்காரன் முதலாவதை நீட்டி ரெண்டாவதைக் குறுக்கி, ஊஞ்சல்ல ஆடுத மாதிரி வாசிப்பான். அந்த ஊஞ்சல் எவ்வளவு தூரம் போகணும்னு காகிதத்துல இருக்காது. சாஸ்திரியத்துல நாதம் தங்கக் கம்பி மாதிரி சுத்தமா இருக்கணும். ஜாஸுல உறுமணும், முனகணும், சிரிக்கணும். டியூக் எல்லிங்டன் குழுவுல பப்பர் மைலின்னு ஒருத்தரு. கக்கூஸ் அடைப்பு எடுக்குத ரப்பர் இருக்கே, அதைக் குழாய் வாயில வச்சு மூடித் திறந்து மனுசக் குரல் மாதிரி பேச வைப்பாரு. முகத்தைச் சுளிக்காதே, புது ரப்பர்தான். அவருக்குப் பின்னால வந்த கூட்டி வில்லியம்ஸுக்காக எல்லிங்டன் 1940-ல ஒரு கான்செர்டோவே எழுதினாரு, மூணு நிமிசச் சொச்சத்துக்குள்ள வெறும் குழாய், மியூட், ரப்பர்னு அத்தனை குரலும் வரும். ஜாஸ்னா வாய்க்கு வந்ததை ஊதுததுன்னு எவனாவது சொன்னான்னா, 1928-ல லூயி ஆம்ஸ்ட்ராங் பதிஞ்ச ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தொடக்கத்தைக் கேக்கச் சொல்லு. துணைக்கு ஆள் இல்லாம தனியா ஊதுவாரு. கால் நிமிசம்கூட ஆகாது. அப்படி ஊதி ஊதியே பிற்பாடு அவரு உதடு கிழிஞ்சு தழும்பு ஏறிப்போச்சு.

வித்தைன்னா வேகம்னு மட்டும் நெனச்சிராதே. மைல்ஸ் டேவிஸ் வேகத்துக்குப் பேர் போனவரு இல்லை. ஸ்பெயின் தேசத்து ரோட்ரிகோ கிட்டாருக்காக எழுதின கான்செர்டோவை எடுத்து, கில் எவன்ஸ் ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்துக்காக மாத்தி எழுத, இவரு வாசிச்சாரு. 1960-ல வெளியான ‘ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்’. அதுல அவரு ஊதுதது கொஞ்சம், ஊதாம விடுதது ஜாஸ்தி. அந்த விட்ட இடம்தான் நெஞ்சைப் பிசையும். உனக்கும் அது கைவசம் உண்டு. நேத்து நீ ஊதாம இருந்தப்ப வீடு எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா?

கலப்புக்குப் பேரே வச்ச மனுசன் ஒருத்தரு உண்டு, கன்தர் ஷுல்லர். ஒரு பக்கம் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் ஆப்பராவுல பிரெஞ்சுக் கொம்பு ஊதினாரு, இன்னொரு பக்கம் மைல்ஸ் டேவிஸோட பதிவுல போய் ஊதினாரு. 1957-ல ‘மூணாவது ஓடை’ன்னு பேரு வச்சாரு. ஒரு ஓடை சாஸ்திரியம், ஒரு ஓடை ஜாஸ், ரெண்டும் கலந்து வாறது மூணாவது. பிற்பாடு, எது எல்லாம் மூணாவது ஓடை இல்லைன்னு ஒரு பட்டியலே போட வேண்டியதாப் போச்சு அவருக்கு. ஜாஸுக்குப் பின்னால நாலு வயலினை உக்கார வச்சா அது கலப்பு இல்லைன்னாரு. ரெண்டு ஆறு கூடினாத்தான் கூடல் லே. ரெண்டு சாக்கடை கூடினா பெரிய சாக்கடை.

மார்சலிஸ் எப்பக் கலந்தாரு தெரியுமா? நியூயார்க்கு ஃபில்ஹார்மோனிக்கோட தன்னோட ஜாஸ் குழுவையும் பாடகர் கூட்டத்தையும் சேத்து ‘ஆல் ரைஸ்’னு பெருசா ஒண்ணை மேடை ஏத்தினது 1999-ல. வயசு முப்பத்தெட்டு. 2010-ல பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்கு ‘ஸ்விங் சிம்ஃபனி’. ட்ரம்பெட்டுக்குன்னே ஒரு கான்செர்டோ வந்தது 2023-லதான். அதையும் தான் வாசிக்காம கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவுல மைக்கேல் சாக்ஸை வாசிக்க விட்டுட்டாரு. உலகத்துலயே ட்ரம்பெட்டுக்குப் பேர் போன ஆளு, தான் எழுதினதை இன்னொருத்தன் வாயால கேக்க உக்காந்திருக்காரு. நீ என்னடான்னா உன் படத்தை நோட்டீசுல எந்தப் பக்கம் போடலாம்னு கேக்கே.

ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு நம்ம பக்கம் திட்டுவாவ. தப்பு ஆத்துலயும் இல்லை, சேத்துலயும் இல்லை. முழங்கால் வரை இறங்காம ரெண்டையும் பெருவிரலால தொட்டுட்டு, நனைஞ்சுட்டேன்னு ஊருக்குச் சொல்லுததுதான் தப்பு.

நேரம் இல்லைன்னு மட்டும் சொல்லிராதே. பிரான்சுல மோரிஸ் ஆந்த்ரேன்னு ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகன், தானும் பதினாலு வயசுல சுரங்கத்துல இறங்கினவரு. பாரீசு சங்கீதப் பள்ளியில காசு கட்டாமப் படிக்க வழி தேடி ராணுவப் பேண்டுல போய்ச் சேர்ந்தாரு. பின்னால ட்ரம்பெட்டைத் தனிக் கச்சேரி வாத்தியமா உலகம் பூரா தூக்கி நிறுத்தினது அவருதான். சுரங்கத்துல கறுப்பு தானா வந்து அப்பிக்கிடும். அவரு கண்ணாடி வாங்கலை.

போதும், உனக்குக் கொட்டாவி வருது. போய்ப் படு. உன் தலையணைக்கு அடியில ஒரு சாமான் வச்சிருக்கேன், பயந்துராதே. உன் மவுத்பீஸ்தான். காலையில அஞ்சு மணிக்கு அதை மட்டும் எடுத்துக்கிட்டுத் திண்ணைக்கு வா. உதட்டை வச்சு அதுல ஒரே ஒரு சுரம், நேரா, நடுங்காம, நான் வெத்திலை மென்னு துப்புத வரைக்கும் பிடிச்சுக் காட்டணும். அன்னைக்குக் குழாயைத் தாறேன். அது பரண் மேல பூட்டின பெட்டியில இருக்கு, சாவி என் மடியில இருக்கு.

எலித் தொல்லைன்னு சொன்னேன்ல, அது பொய்.